அந்த மூன்று நாளும் எங்கே போயின?

குழந்தை பிறந்துவிட்டது. நஞ்சுக்கொடியும் வந்துவிட்டது. ஆனால் கருப்பை சுருங்கவில்லை, ரத்தம் நிற்கவில்லை. சிகிச்சை எதுவும் கிடைக்காவிட்டால் அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு நேரம் மிச்சம் இருக்கிறது? பேறுகால மரணங்களை ஆராய்ந்தவர்கள் 1990களின் தொடக்கத்திலேயே இதற்கு ஒரு கணக்குப் போட்டுவிட்டார்கள்: சராசரியாக 2 மணி நேரம். கருப்பை கிழிந்துவிட்டால் ஒரு நாள். கர்ப்பகால வலிப்பு வந்தால் 2 நாள். குழந்தை வெளியே வர வழியில்லாமல் சிக்கிக்கொண்டால் 3 நாள். கிருமித்தொற்று என்றால் 6 நாள்.

மருத்துவம் படிப்பவர்களுக்கு இந்தப் பட்டியல் அவசரத்தைச் சொல்லும். எனக்கு அதில் உறுத்துவது கடைசி இரண்டு வரிகள். மூன்று நாள் என்பது சின்ன அவகாசமா? உலகத்தின் பெரும்பாலான ஊர்களிலிருந்து மூன்று நாளில் ஏதோ ஒரு மருத்துவமனைக்குக் கால்நடையாகவே போய்விடலாம். அப்படியிருந்தும் பிள்ளை சிக்கிக்கொண்டு பெண்கள் இறக்கிறார்கள். அந்த மூன்று நாளும் எங்கே போயின?

2023ல் உலகம் முழுக்கக் கர்ப்பத்தாலும் பிரசவத்தாலும் இறந்த பெண்கள் ஏறத்தாழ 2,60,000 பேர் என்பது ஐ.நா. அமைப்புகளின் மதிப்பீடு. ஒரு நாளைக்கு 700க்கும் மேல். பத்தில் ஏழு மரணங்கள் சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகளில் நடந்தவை. 2000ஆம் ஆண்டோடு ஒப்பிட்டால் மரண விகிதம் 40% குறைந்திருக்கிறது. அது பெரிய விஷயம்தான். ஆனால் மிச்சமிருக்கும் மரணங்களில் பெரும்பாலானவற்றுக்கு மருந்து கண்டுபிடித்துப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. கருப்பையைச் சுருக்கும் ஆக்ஸிடோசின் ஊசி, வலிப்பை அடக்கும் மெக்னீசியம் சல்பேட், ஆன்டிபயாடிக், சிசேரியன், ஏற்றுவதற்கு ரத்தம் என்று எல்லாமே பழைய சங்கதிகள். மருந்து இருக்கும் இடத்துக்கும் அவள் இருக்கும் இடத்துக்கும் நடுவில் நிற்பது என்ன என்பதுதான் கேள்வி.

ஒரு வீட்டை நினைத்துப்பாருங்கள். நள்ளிரவில் வலி எடுக்கிறது. இது பொய்வலியா, நிஜவலியா? அதைச் சொல்லவேண்டியவள் வலிப்பவள்தான். ஆனால் சொல்பவர் மாமியார். “நான் ஆறு பெற்றேன், ஒரு தடவைகூட ஆஸ்பத்திரிப் படி ஏறியதில்லை. விடியட்டும், பார்க்கலாம்” என்கிறார். கணவன் வேலைக்காக வேறு ஊரில் இருக்கிறான். போனை எடுக்கவில்லை. பணம் அவன் கையில். வீட்டில் இருப்பது வண்டிக்குக்கூடக் காணாது. இரண்டு பிள்ளைகள் தூங்குகின்றன, அவற்றை யாரிடம் விடுவது? இவளோடு யார் போவது? போகிறவர் நாளைக்கு வேலைக்குப் போகாவிட்டால் அந்த நாள் கூலி? இதையெல்லாம் பேசி முடிப்பதற்குள் விடிந்துவிடுகிறது. யாரும் அவளைத் தடுக்கவில்லை, போகாதே என்று ஒருவரும் சொல்லவில்லை. ஆனாலும் ஆறு மணி நேரம் போய்விட்டது.

இந்த மாமியாரை வில்லியாக்கிவிட்டுப் போவது சுலபம். அவர் சொல்வதில் ஒரு கணக்கு இருக்கிறது. உயிருக்கு ஆபத்தான சிக்கல் வருவது நூற்றில் சுமார் 15 பிரசவங்களில்தான் என்பது ஐ.நா. அமைப்புகள் வழக்கமாகப் பயன்படுத்தும் மதிப்பு. ஆக, காத்திருந்த வீடுகளில் பெரும்பாலானவை காத்திருந்து தப்பித்தவை. ‘விடியட்டும்’ என்றவர் பெரும்பாலும் ஜெயித்திருக்கிறார். போதாததற்கு, வீட்டிலேயே பிள்ளை பெற்று உயிரோடு இருப்பவர்கள்தான் அடுத்த தலைமுறைக்குப் புத்தி சொல்கிறார்கள். அப்படிப் பெற்று இறந்துபோனவர்கள் புத்தி சொல்ல இருப்பதில்லை.

1994ல் செரீன் தாடேயஸ், டெபோரா மெய்ன் என்ற இரு ஆய்வாளர்கள் இந்தப் போக்கு முழுவதையும் மூன்று தாமதங்களாகப் பிரித்தார்கள். உதவி தேட முடிவெடுப்பதில் ஏற்படும் தாமதம், மருத்துவமனைக்குப் போய்ச் சேருவதில் தாமதம், போய்ச் சேர்ந்த பிறகு சிகிச்சை கிடைப்பதில் தாமதம். முப்பது ஆண்டுகளாகத் தாய்சேய் நலத்துறையில் இந்தப் பகுப்பை விட்டுவிட்டு யாரும் பேசுவதில்லை. ஆனால் பயன்படுத்துகிறவர்கள் பலர் அதை மூன்று தனித்தனிப் பெட்டிகளாக்கிவிட்டார்கள். முதலாவதற்கு விழிப்புணர்வு முகாம், இரண்டாவதற்கு ஆம்புலன்ஸ், மூன்றாவதற்கு மருத்துவமனைக் கட்டடம். நடைமுறையில் மூன்றும் ஒன்றையொன்று பிடித்து இழுக்கின்றன. மருத்துவமனையில் ஒருத்தி பட்டபாடு ஊருக்குள் வந்து சேர்ந்துவிடும். அங்கே அவளுக்கு நேர்ந்த மூன்றாம் தாமதம், இங்கே அடுத்தவளுக்கு முதல் தாமதமாகிறது. இந்தத் துறையில் கட்டுக்கட்டாக எழுதப்பட்டிருப்பதில் நான் முக்கியமாக நினைப்பது இந்த ஒரு சுழற்சியைத்தான்.

முதல் தாமதத்தை அளக்க ஒரு கேள்வித்தாள் உண்டு. 1984ல் தொடங்கி 90க்கும் மேற்பட்ட நாடுகளில் நடந்த மக்கள்தொகை மற்றும் சுகாதார ஆய்வுகளில் பெண்களிடம் இதைக் கேட்பார்கள். உடம்பு சரியில்லாமல் மருத்துவ உதவி தேவைப்படும்போது இவை உங்களுக்குப் பெரிய பிரச்சினையா, இல்லையா? போவதற்கு அனுமதி வாங்குவது. செலவுக்குப் பணம் கிடைப்பது. மருத்துவமனை இருக்கும் தூரம். தனியாகப் போக விருப்பமில்லாதது. நான்கே வரி. ‘தூரம்’ ஒன்றைத் தவிர மற்ற மூன்றும் சாலை போட்டால் தீராதவை என்பதைக் கவனியுங்கள். அந்தத் தூரமும் ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று. மோட்டார்சைக்கிள் ஓட்டத் தெரிந்தவனுக்கு அரை மணி; துணைக்கு ஆள் கிடைக்கும்வரை வாசலைத் தாண்ட முடியாதவளுக்கு அரை நாள். (இந்த ஆய்வுகளுக்குப் பெரும்பகுதி நிதி கொடுத்துவந்த அமெரிக்க அரசு 2025 பிப்ரவரியில் அதை நிறுத்திவிட்டது. கேட்டாலே பதில் கிடைத்துக்கொண்டிருந்த கேள்விகளை இனி யார் கேட்பார்கள் என்பது வேறு கதை.)

பணத்தைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கட்டணத்தை எடுத்துவிட்டால் கூட்டம் வரும். சியரா லியோன் 2010 ஏப்ரலில் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் கட்டணத்தை நீக்கியபோது வந்தது. இந்தியா 2005ல் ஜனனி சுரக்ஷா திட்டத்தில், மருத்துவமனையில் பிரசவித்தால் ரொக்கம் தந்தது. 2005-06ல் 39% ஆக இருந்த மருத்துவமனைப் பிரசவங்கள் 2019-21ல் 89% ஆயின. ஆனால் அந்தத் திட்டத்தை முதலில் மதிப்பிட்ட ஆய்வுகளில் ஒன்று, பரம ஏழைகளுக்கும் படிப்பே இல்லாதவர்களுக்கும்தான் அதிகம் போய்ச் சேர்ந்தது என்று சொல்ல முடியவில்லை என்றது. பிரசவம் இலவசம் என்ற அறிவிப்பு ரசீதுக்கு மட்டும்தான் பொருந்தும். வண்டி, வெளியே வாங்கிவரச் சொல்லும் கையுறையும் தையல் நூலும், கூட வருபவரின் சாப்பாடு, இழந்த கூலி, கையில் திணிக்கவேண்டிய காசு என்பதெல்லாம் எந்த ரசீதிலும் வராது. கட்ட முடியாதவர்களைப் பிள்ளையோடு வார்டிலேயே நிறுத்திவைக்கும் மருத்துவமனைகளும் உண்டு. அப்படி நிறுத்தப்பட்ட இரண்டு பெண்களின் வழக்கில் கென்யாவின் உயர் நீதிமன்றம் 2015ல், அது உரிமை மீறல் என்று தீர்ப்பளித்தது.

சரி, பணம் இருக்கிறது, வண்டி இருக்கிறது, அனுமதியும் கிடைத்துவிட்டது. அப்படியும் சிலர் வர மறுக்கிறார்கள். இதற்கு அதிகாரிகள் சட்டென்று எடுக்கும் சொல் அறியாமை. இந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு 1840களின் வியன்னா ஞாபகம் வரும்.

வியன்னா பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. ஒன்றில் மருத்துவ மாணவர்கள், இன்னொன்றில் மருத்துவச்சிப் பயிற்சி பெறுபவர்கள். வருகிறவர்கள் பெரும்பாலும் ஏழைகள், கணவன் இல்லாதவர்கள். இலவச சிகிச்சைக்கு ஈடாக, மாணவர்கள் பாடம் படிக்கத் தங்கள் உடம்பைத் தரவேண்டும் என்பது ஏற்பாடு. எந்த நாளில் வருகிறார்கள் என்பதைப் பொறுத்து எந்தப் பிரிவு என்பது தீர்மானமாகும். முதல் பிரிவில் பிரசவக் காய்ச்சலால் நூற்றுக்குச் சுமார் பத்துப் பேர் இறந்தார்கள், இரண்டாம் பிரிவில் நான்குக்கும் குறைவு. இந்த வித்தியாசம் ஏன் என்று பேராசிரியர்கள் காற்றையும் வானிலையையும் ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். பெண்களுக்கு அது எப்போதோ தெரிந்திருந்தது. முதல் பிரிவு வேண்டாம் என்று மண்டியிட்டுக் கெஞ்சினார்கள். சிலர் வழியிலேயே, தெருவிலேயே பெற்றுக்கொண்டு வந்தார்கள். தெருவில் பெற்றவர்களுக்குக் காய்ச்சல் குறைவு என்பதையும் அங்கே பணியாற்றிய மருத்துவர் இக்னாஸ் செம்மல்வைஸ் கவனித்தார். பிணவறையிலிருந்து கழுவாத கையோடு வந்த மாணவர்கள்தான் காரணம் என்று கண்டு, 1847ல் குளோரின் கலந்த நீரில் கைகழுவச் சொன்னார், மரணம் சரிந்தது. அவர் பெயர் சரித்திரத்தில் நின்றது, நிற்கவேண்டியதுதான். ஆனால் ‘அந்தக் கதவுக்குள் போகாதே’ என்பதை அவருக்கு முன்பே சொன்னவர்கள் அந்த ஏழைப் பெண்கள்.

இன்றைக்குக் கதவுக்குள் என்ன நடக்கிறது? கானா, கினி, மியன்மார், நைஜீரியா ஆகிய நான்கு நாடுகளில் நடந்த ஓர் ஆய்வின் பகுதியாக, பிரசவ அறைகளில் ஆய்வாளர்கள் உட்கார்ந்து நேரடியாகப் பார்த்துப் பதிவு செய்தார்கள். முடிவுகள் 2019ல் வெளியாயின. கவனிக்கப்பட்ட 2,016 பெண்களில் பத்தில் நான்கு பேருக்கு மேல் அடியோ, வசவோ, அவமதிப்போ, பாகுபாடோ பட்டார்கள். அடியும் திட்டும் உச்சத்துக்குப் போன நேரம், பிள்ளை பிறப்பதற்கு முந்தைய அரை மணியிலிருந்து பிறந்த பின் கால் மணி வரை. அதாவது அவள் எழுந்து போகவே முடியாத நேரம். அதிகம் பட்டவர்கள் வயதில் சிறியவர்கள், படிக்காதவர்கள்.

வலியில் கத்துகிறவளைப் பார்த்துச் சொல்லப்படும் அந்த ஒரு வாக்கியத்தை எழுதக் கூச்சமாக இருக்கிறது. எழுதித்தான் ஆகவேண்டும்: “படுக்கும்போது இனித்ததா, இப்போது மட்டும் கத்துகிறாயா?” இந்த ஏச்சு ஏதோ ஒரு நாட்டின் சொத்து இல்லை. பல மொழிகளில், பல கண்டங்களில் பெண்கள் இதே அர்த்தத்தில் கேட்டதாகச் சொல்லியிருக்கிறார்கள். இதை ஒருமுறை கேட்டவள் அடுத்த பிரசவத்துக்கு வீட்டிலேயே இருந்துவிட்டால், அதை அறியாமை என்று எழுதுகிற படிவத்தை யார் நிரப்புகிறார்கள் என்று பார்க்கவேண்டும்.

நர்ஸைத் திட்டி இதை முடித்துவிட முடியாது. இரவுப் பணியில் ஒரே ஆள், பத்துக் கட்டில், தண்ணீர் வராத குழாய், ஏதாவது ஆகிவிட்டால் விசாரணை இவர் மேல். மருத்துவச் சமூகத்தின் ஏணியில் அவரும் கீழ்ப்படியில் நிற்கும் ஒரு பெண். உலகத்துக்கு இன்னும் 9 லட்சம் மருத்துவச்சிகள் தேவை என்று 2021ல் ஐ.நா. மக்கள்தொகை நிதியமும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை சொன்னது. கைக்கு மேல் வேலை இருக்கும் இடத்தில் யாருக்கு முதலில் கவனம் போகும்? அதை முடிவு செய்வது, வரிசை அல்ல. பேச்சு, உடை, கூட வந்திருப்பவர் யார் என்பது. 24 நாடுகளின் மருத்துவமனைப் பிரசவங்களை வைத்து 2011ல் வந்த ஓர் ஆய்வில், பள்ளிக்கே போகாத பெண்கள் இறக்கும் வாய்ப்பு, 12 ஆண்டுகளுக்கு மேல் படித்தவர்களைவிட 2.7 மடங்கு இருந்தது. அத்தனை பேரும் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தவர்கள்.

படித்துவிட்டால் போதுமா என்றால், அதுவும் இல்லை. அமெரிக்காவில் 2007 முதல் 2016 வரையிலான கணக்கில், கல்லூரிப் பட்டம் பெற்ற கறுப்பினப் பெண்கள் கர்ப்பம், பிரசவம் தொடர்பாக இறந்த விகிதம் அதே பட்டம் பெற்ற வெள்ளையினப் பெண்களைவிட ஐந்து மடங்கு. பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காத வெள்ளையினப் பெண்களைவிடவும் அதிகம். 2023லும் ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புகளுக்குக் கறுப்பினத்தவரில் 50 தாய்மார், வெள்ளையினத்தவரில் 14 அல்லது 15 பேர் என்ற அளவில் இடைவெளி நிற்கிறது. டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸ் 2017ல் சிசேரியனுக்கு மறுநாள் மூச்சுத்திணறி, தனக்கு முன்பே ரத்தக்கட்டு வந்திருக்கிறது, உடனே சி.டி. ஸ்கேனும் ரத்தக்கட்டைத் தடுக்கும் மருந்தும் வேண்டும் என்று கேட்டார். வலி மருந்தில் குழம்பிப் பேசுகிறார் என்று நர்ஸ் நினைத்தார். முதலில் கால்களில் அல்ட்ராசவுண்ட் பார்த்தார்கள். கடைசியில் சி.டி. எடுத்தபோது நுரையீரலில் ரத்தக்கட்டுகள் இருந்தன. நோயின் பெயர், பரிசோதனையின் பெயர், மருந்தின் பெயர் மூன்றையும் சொல்லத் தெரிந்த, உலகமே அறிந்த பெண்ணின் வாய்ச்சொல்லுக்கே இவ்வளவுதான் மதிப்பு.

அப்படியிருக்க, அந்த நாட்டு மொழி தெரியாத புலம்பெயர்ந்தவள் என்ன செய்வாள்? கூட வந்த எட்டு வயது மகன் மொழிபெயர்க்கிறான். ரத்தப்போக்கைப் பற்றி அவனிடம் எதைச் சொல்வது, எதை விடுவது? குடியுரிமைத் தாள் இல்லாதவள் பதிவேட்டில் பெயர் எழுதப் பயந்தே வருவதில்லை. திருமணமாகாத பதினாறு வயதுப் பெண் வயிற்றை மறைத்தே ஏழு மாதத்தைத் தள்ளிவிடுகிறாள், முதல் பரிசோதனையில் அவளிடம் கேட்கப்படும் முதல் கேள்வி அவள் கணவன் பெயர்.

சிகிச்சை தருபவர் யார் என்பதும் சமூகம் போடும் கணக்கே. 1999 முதல் 2002 வரையிலான மரணங்களை ஆராய்ந்த ஓர் ஆய்வு, ஆப்கானிஸ்தானில் காபூல் நகரத்தில் ஒரு லட்சம் பிறப்புகளுக்குச் சுமார் 400 தாய்மார் இறந்ததையும், பதக்‌ஷான் மாகாணத்தின் ராக் பகுதியில் அதுவே 6,500 ஆக இருந்ததையும் பதிவு செய்தது. ஆண் மருத்துவரிடம் காட்டத் தயங்கும் சமூகத்தில் பெண் ஊழியர் இல்லாவிட்டால் கட்டடம் இருந்தும் இல்லாததுதான். அதனால்தான் அங்கே பிறகு கிராமத்துப் பெண்களையே தேர்ந்தெடுத்து மருத்துவச்சிப் பயிற்சி தந்து அந்தந்த ஊருக்கே திருப்பி அனுப்பினார்கள். 2024 டிசம்பரில் தாலிபான் அரசு, பெண்கள் நர்ஸிங்கும் மருத்துவச்சிப் படிப்பும் படிக்கக் கூடாது என்று தடுத்துவிட்டது. இப்போது பணியில் இருப்பவர்கள் ஓய்வு பெறும்போது அந்தக் கட்டிலின் பக்கத்தில் யார் நிற்பார்கள்?

மாற்ற முடிந்த இடங்களும் உண்டு. இலங்கையில் 1930களில் ஒரு லட்சம் பிறப்புகளுக்கு 2,000ஐ ஒட்டி இருந்த பேறுகால மரணம் அண்மை ஆண்டுகளில் 30 அளவுக்கு இறங்கியது. பணக்கார நாடாகி அதைச் சாதிக்கவில்லை. பெண்களும் பள்ளிக்குப் போனார்கள், சிகிச்சை இலவசமானது, வீட்டு வாசலுக்கே பயிற்சி பெற்ற மருத்துவச்சி வந்தார். ஒரு தாய் இறந்தால் ஏன் இறந்தாள் என்று விசாரிப்பதும் வழக்கமானது. ‘விதி’ என்று முடித்துவிடுவதற்கும் ‘எத்தனை மணிக்கு வண்டி வந்தது?’ என்று கேட்பதற்கும் உள்ள தூரம் அது.

சில மாற்றங்களுக்குச் செலவே கிடையாது. பிரசவ நேரம் முழுக்கத் துணைக்கு ஒருவர் கூடவே இருந்தால் சுகப்பிரசவம் ஆகும் வாய்ப்பு கூடுகிறது, வலி நேரம் குறைகிறது என்று 15,000க்கும் மேற்பட்ட பெண்கள் பங்கேற்ற 26 சோதனைகளின் தொகுப்பு 2017ல் காட்டியது. பிரேசில் 2005லேயே அதைச் சட்டமாக்கிவிட்டது. ஆனாலும் எத்தனையோ லேபர் வார்டுகளில் துணைக்கு ஆள் விடுவதில்லை. காரணம் கேட்டால், கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவில் திரை இல்லை, பக்கத்துக் கட்டில்காரிக்குச் சங்கடம் என்பார்கள். திரைத்துணி ஒன்று தொங்கவிட்டால் தீரும் பிரச்சினை. அது தொங்கவிடப்படாமலேயே இருப்பதற்குப் பணத்தைக் காரணமாகச் சொல்ல முடியாது.

அந்த நள்ளிரவு வீட்டுக்கு வருவோம். அங்கே போன ஆறு மணி நேரத்தை மீட்க முடியுமா? வங்கதேசம், இந்தியா, மலாவி, நேபாளம் ஆகிய நாடுகளில் நடந்த ஏழு சோதனைகளில் கிராமத்துப் பெண்களை மாதம் ஒருமுறை கூட்டிப் பேசவைத்தார்கள். மருந்து எதுவும் தரவில்லை, வகுப்பும் எடுக்கவில்லை. உங்கள் ஊரில் பிரசவத்தில் என்ன சிக்கல் வருகிறது, அதற்கு நீங்களே என்ன செய்யலாம் என்று மட்டும் கேட்டார்கள். 2013ல் ஏழு சோதனைகளையும் சேர்த்துக் கணக்கிட்டபோது, அந்தக் குழுக்கள் இருந்த இடங்களில் தாய்மார் மரணம் 37%, பிறந்த சிசுக்களின் மரணம் 23% குறைந்திருந்தது. கூட்டத்தில் பங்கேற்ற கர்ப்பிணிகள் அதிகமாக இருந்த இடங்களில் பலனும் அதிகம்.

அவர்கள் செய்தவை சாதாரணமானவை. ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு அவசர நிதி, ஒரு ஸ்ட்ரெச்சர், சில இடங்களில் சைக்கிளோடு பிணைத்த ஆம்புலன்ஸ். ஆனால் ஒரு ஸ்ட்ரெச்சரை வாங்கிவிட்டால் கூடவே சில கேள்விகளும் வந்துவிடுகின்றன. அது யார் வீட்டில் இருக்கும்? ராத்திரி இரண்டு மணிக்குத் தட்டினால் கதவைத் திறப்பார்களா? தூக்குவதற்கு நான்கு பேர் யார் யார்? பணப்பெட்டியின் சாவி யாரிடம்? அவள் போனபிறகு அந்த இரண்டு பிள்ளைகளும் எந்த வீட்டில் தூங்கும்? வலி எடுப்பதற்கு இரண்டு மாதம் முன்பே, பகல் வெளிச்சத்தில் உட்கார்ந்து பேசி முடிக்கவேண்டியிருந்தது இவற்றைத்தான்.